மேட்டில் பூஸ்ட் ஏறி இறங்குகிறது, டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள்

சேலம்டீசல்:
வண்டி 2014 மாடல், 1.3 லிட்டர் டீசல், விஜிடி டர்போ (இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்டை, உள்ளே அசையும் வேன் இதழ்களால் கூட்டிக் குறைக்கும் வகை), 1,30,000 கிலோமீட்டர் ஓடியது. ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை, தொப்பூர் கணவாயில் தர்மபுரி பக்கம் ஏறும்போதுதான் வினை. மூன்றாவது கியரில் 2500 ஆர்பிஎம்முக்கு மேல் மிதித்தால் பாய்கிறது, உடனே அமுங்குகிறது, மறுபடி பாய்கிறது. இப்படியே கொஞ்ச தூரம் போனால் இன்ஜின் லைட் எரிந்து இழுவை சுத்தமாகப் போய்விடுகிறது. ஓரங்கட்டி ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. ஸ்கேனரில் பி0234 என்ற பிழைக் கோடு வந்தது. ஷெட்டில் பார்த்த உடனே "டர்போ போச்சு சார்" என்று 45,000 ரூபாய் சொல்லிவிட்டார்கள். ஆயில் குறையவில்லை, நீலப் புகையும் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

ஹோஸ்கிளாம்ப்:
அவசரப்படாதீர்கள். முதலில் டர்போவின் காற்றைக் குளிர்வித்து இன்ஜினுக்கு அனுப்பும் இன்டர்கூலரின் ஹோஸைப் பாருங்கள். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் காற்று அங்கேதான் போகிறது. ஐடிலில் தெரியாது, லோடு ஏறி ஹோஸ் உப்பினால்தான் வெடிப்பு வாய் திறக்கும். சோப்புத் தண்ணி அடித்துக் காற்று கொடுத்தால் நுரைக்குமிழி விடும், ஆனால் 1 பாருக்கு மேல் போகாதீர்கள்.

வால்வு70:
ஹோஸ் பார்ப்பது நல்லதுதான், ஆனால் பிழைக் கோடு என்ன சொல்கிறது என்று படியுங்கள். காற்று வெளியே போனால் பூஸ்ட் போதவில்லை என்று பி0299 வரும், கூடவே கரும்புகையும் தள்ளும். பி0234 என்றால் கேட்டதைவிட அதிகம் ஏறுகிறது என்று அர்த்தம். இந்த மாதிரி வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) கொண்டு ராடை அசைக்கும் ஆக்சுவேட்டர் டர்போவில் வேக்கம் இழுத்தால் உள்ளே வேன்கள் மூடிக்கொண்டு பூஸ்ட் ஏறும், வேக்கத்தை விட்டால் திறந்து பூஸ்ட் இறங்கும். ஆக, வேக்கம் ஹோஸ் கிழிந்திருந்தாலும் பூஸ்ட் குறையத்தான் செய்யும், ஏறாது. உங்களுக்கு அதிகம் ஏறுகிறது என்றால் ஒன்று கரி படிந்து வேன் சிக்குகிறது, அல்லது வேக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் மின் வால்வான சோலினாய்டு அதைச் சட்டென்று விடவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 45,000 கேட்பது அநியாயம்.

ஓபிடி ஆப்பில் (இன்ஜின் கணக்குகளை போனில் காட்டுவது) இன்ஜின் கேட்கும் பூஸ்ட், கிடைக்கும் பூஸ்ட், சோலினாய்டு டியூட்டி (கம்ப்யூட்டர் சோலினாய்டுக்குக் கொடுக்கும் சதவீதம்) மூன்றையும் ஒன்றாக ரெக்கார்ட் செய்து போடுங்கள். அதற்கு முன்னால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சேலத்தில் வெளிக்காற்றின் அழுத்தமான 97, 98 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அங்கேயே 110 என்று நின்றால் சென்சார்தான் பொய் சொல்கிறது, டர்போவைத் திட்டிப் பயனில்லை.

சேலம்டீசல்:
சாவி போட்டால் 98. அது சரி. மேட்டில் ரெக்கார்ட் செய்ததில் இன்ஜின் கேட்டது 210, கிடைத்தது 238 வரை போய், பிறகு 165க்கு விழுந்து, திரும்ப 230. எல்லாம் வெளிக்காற்றழுத்தமும் சேர்த்த கிலோபாஸ்கல் கணக்கு. டியூட்டியும் கூடவே மேலும் கீழும் ஆடுகிறது.

வால்வு70:
டியூட்டி ஆடுவதை வைத்து கம்ப்யூட்டரைச் சந்தேகிக்காதீர்கள். 238க்குப் போனதைப் பார்த்து அது வேக்கத்தைக் குறைக்கிறது, டர்போ தாமதமாகக் கேட்கிறது, கேட்டபோது ஒரேயடியாக விழுகிறது, உடனே அது மறுபடி கூட்டுகிறது. அந்தத் தாமதம் எங்கே என்பதுதான் கேள்வி. ஐடிலில் வண்டி ஓடும்போது ஆக்சுவேட்டர் ராடு உள்ளே இழுபட்டிருக்கும். அந்த வேக்கம் ஹோஸைக் கழற்றுங்கள், ராடு டக்கென்று வெளியே வர வேண்டும். நின்று நின்று வந்தால் வேன் சிக்கல். கையில் வேக்கம் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது, மெதுவாக இழுத்து ராடு எங்கேயாவது குதிக்கிறதா என்று பார்க்கலாம். ராடின் ஓட்டத்தை நிறுத்தும் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள், அதன் செட்டிங் கலைந்தால் ஷெட்டில் கண்ணால் பார்த்துத் திரும்ப வைக்க முடியாது.

சேலம்டீசல்:
ராடு வழுவழுவென்று போய் வருகிறது, ஹோஸைக் கழற்றிய நொடியே வெளியே வந்துவிட்டது. அப்புறம் சோலினாய்டைக் கழற்றினேன். வெளிக்காற்று உள்ளே போகும் வாயில் சின்னதாக ஒரு ஃபோம் ஃபில்டர், அதில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களிபோல் இறுகிக் கிடந்தது. வாயால் ஊதினால் காற்று போகவே இல்லை, அதனால்தான் வேக்கம் சட்டென்று விடவில்லை போல. ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டினேன், தொப்பூரில் 210 கேட்டால் 214ஐத் தாண்டவில்லை. லைட்டும் வரவில்லை.

வால்வு70:
அப்படியே விட்டுவிடாதீர்கள், மண் சோலினாய்டுக்குள் போனால் அடுத்த மழைக்குள் அதுவும் சிக்கும். ஃபில்டர் போடுங்கள், இல்லாவிட்டால் சோலினாய்டையே புதிதாக வாங்கிவிடுங்கள், டர்போ விலையில் சின்னப் பங்குதான்.

பெட்ரோல்காரன்:
எனக்கும் பூஸ்டில் இதே குலுக்கல்தான், 1.0 டர்போ பெட்ரோல். நானும் சோலினாய்டைக் கழற்றலாமா?

ஹோஸ்கிளாம்ப்:
உங்களுடையது வேஸ்ட்கேட் (அதிகப்படி புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவு), கதை வேறு. கோடு ஏதும் இல்லையென்றால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கேப் (நுனிகளுக்கு இடையிலான இடைவெளி) பாருங்கள். கேப் அதிகமானால் பூஸ்ட் ஏறும்போது பொறி அணைந்து வண்டி வெட்டும், ஓட்டுகிறவருக்கு டர்போ கோளாறு போலவே தெரியும். பிளக் சரியாக இருந்தால் ரெக்கார்ட் எடுத்துத் தனித் தலைப்பில் போடுங்கள்.