வீடியோ போன் வந்துவிட்டது, நிலாவுக்கு விமானம் ஏன் வரவில்லை?

ராத்திரி ஷிப்ட் (கேள்வி):

1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தைப் போன வாரம்தான் முழுசாகப் பார்த்து முடித்தேன். குரங்கு, கருங்கல், கடைசியில் வரும் குழந்தை பற்றியெல்லாம் வேறு திரியில் சண்டை போட்டுக்கொள்ளலாம். என் கேள்வி நடுவில் வரும் ஒரு பகுதியைப் பற்றியது.

ஹேவுட் ஃப்ளாய்ட் என்ற அதிகாரி பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் விமானத்தில் ஏறி விண்வெளி நிலையத்துக்குப் போகிறார். அங்கே ஹில்டன் ஓட்டல் இருக்கிறது. ஒரு பூத்துக்குள் உட்கார்ந்து பூமியில் இருக்கும் மகளை வீடியோ போனில் கூப்பிடுகிறார். பேசி முடித்ததும் கட்டணம் திரையில் வருகிறது: 1.70 டாலர். அப்புறம் திண்டிவனத்தில் பஸ் மாறுகிற மாதிரி நிலாவுக்குக் கிளம்பிவிடுகிறார்.

வீடியோ போன் இன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. நிலாவில் ஒரு கொட்டகைகூட இல்லை. மனிதர் அங்கே கடைசியாகக் கால் வைத்தது 1972 டிசம்பரில். ஒரே படம், யோசித்தவர்களும் ஒரே ஆட்கள். ஒன்று பலித்து இன்னொன்று ஏன் பலிக்கவில்லை? “விஞ்ஞானம் இன்னும் வளரவில்லை” என்ற பதில் வேண்டாம். நிலாவுக்குப் போகும் விஞ்ஞானம் படம் வந்த அடுத்த வருஷமே இருந்தது.

வேப்பம்பூ:

எனக்குப் பிடித்த உதாரணம் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ இரண்டாம் பாகம். 1989-இல் வந்தது, கதை 2015 அக்டோபர் 21-க்குப் போகிறது. கார் பறக்கிறது, சறுக்குப் பலகை மிதக்கிறது. ஆனால் ஹீரோவை வேலையை விட்டுத் தூக்கும் செய்தி மட்டும் ஃபேக்ஸில் வருகிறது! வீடு முழுக்க ஃபேக்ஸ் மெஷின்.

அந்த வருஷம் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் கோப்பையை வெல்லும் என்றும் படத்தில் வரும். நிஜத்தில் கப்ஸ் அரையிறுதியில் தோற்று வெளியேறியது சரியாக 2015 அக்டோபர் 21. கோப்பை அடுத்த வருஷம் கிடைத்தது. இவ்வளவு பக்கத்தில் வந்து தவறவிட்ட ஜோசியத்தை நான் பார்த்ததில்லை.

கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சும்மா சொல்லத் தோன்றியது.

கேபிள் குழி:

வீடியோ போன் பலித்துவிட்டது என்கிறீர்களே தம்பி, எனக்கு அதிலேயே வழக்கு இருக்கிறது. நான் டெலிபோன் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்ட்ரோஜர் என்ற பழைய இயந்திர எக்ஸ்சேஞ்ச் கடகடவென்று சத்தம் போட்ட காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். அந்தக் காட்சியில் எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள், நான் பூத்தைப் பார்த்தேன். அதில் பெல் கம்பெனியின் சின்னம் இருக்கும். அமெரிக்காவில் போன் என்றாலே அன்றைக்கு அவர்கள்தான்.

அது வெறும் கற்பனையும் இல்லை. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ‘பிக்சர்போன்’ என்று ஒன்றை வைத்துக் காட்டியது. அதே வருஷம் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ மூன்று ஊரிலும் பொது பூத் திறந்தார்கள். மூன்று நிமிஷத்துக்கு 16 டாலரில் இருந்து 27 டாலர் வரை. 1970-இல் பிட்ஸ்பர்கில் அலுவலகங்களுக்கே இணைப்பு கொடுத்தார்கள், மாதம் 160 டாலர். ஆள் சேரவில்லை. எழுபதுகள் முடிவதற்குள் படுத்துவிட்டது.

தலை வாராமல் கேமரா முன்னால் வர ஜனங்களுக்குக் கூச்சம், அதனால்தான் ஓடவில்லை என்று எழுதுவார்கள். இருக்கலாம். என் மாதிரி ஆள் முதலில் கேட்பது, எத்தனை ஜோடிக் கம்பி? சாதாரண போனுக்கு ஒரு ஜோடி செம்பு போதும். பிக்சர்போனுக்கு மூன்று: குரலுக்கு ஒன்று, படம் போக ஒன்று, படம் வர ஒன்று. பேச்சுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு) வரை இருந்தால் குரல் அடையாளம் தெரியும். இந்தப் படத்துக்குப் பத்து லட்சம் ஹெர்ட்ஸ் தேவைப்பட்டது. தூர ஊருக்கு டிஜிட்டலாக அனுப்பினால் ஒரு பட அழைப்பு 96 பேச்சு அழைப்புகளின் இடத்தை அடைத்துக்கொள்ளும். நம் பக்கத்தில் அந்த ஒரு ஜோடிக்கே ஜனங்கள் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஐப்பசி மழையில் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு ஜோடியாகப் பிரித்துத் துடைத்துக் கட்டியவன் சொல்கிறேன். மூன்று மடங்கு கம்பி என்பது சின்ன விஷயம் இல்லை.

பிறகு வழி எப்படிப் பிறந்தது? கம்பியைப் பெருக்கவில்லை, படத்தைச் சுருக்கினார்கள். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் என்று மூன்று பேர் 1974-இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண் கவனிக்காத நுணுக்கத்தைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் அனுப்ப அந்தக் கணக்கு உதவியது. அகமது அதற்கு முன்பே ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை. பிறகு 1988-இல் வந்த வீடியோ கால் தரமுறையே இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. இது எதுவும் படம் எடுத்தவர்கள் கண்ணில் படவில்லை. குறை சொல்ல முடியாது, படம் வந்தபோது கணக்கே பிறக்கவில்லை.

இப்போது அந்த 1.70 டாலர். 1968-இல் டாலர் ஏழரை ரூபாய். ஆக 12 ரூபாய் 75 காசு. விண்வெளியில் இருந்து முகம் பார்த்துப் பேச! கட்டணம் சரிந்துவிடும் என்று சரியாகவே ஊகித்திருக்கிறார்கள். ஆனால் மீட்டர் ஓடும், பூத் இருக்கும், பில் போன் கம்பெனி பெயரில் வரும் என்றே நினைத்தார்கள். எங்கள் எக்ஸ்சேஞ்சில் சந்தாதாரருக்கு ஒன்று வீதம் சுவர் முழுக்க மீட்டர் இருக்கும். அதை கேமராவில் படம் பிடித்து, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பில் போடுவோம். எதிர்காலத்தில் இந்த மீட்டர் அறையே இருக்காது என்று யாராவது கதை எழுதியிருந்தால் நான் சிரித்திருப்பேன். இன்று துபாயில் இருக்கும் என் பேத்தி கால் போட்டுவிட்டு, கேமராவை விட்டத்தைப் பார்க்க வைத்துவிட்டு ஹோம்வொர்க் எழுதுகிறாள். மணிக்கணக்கில் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காசு கொடுத்துப் பேசுகிற காலத்தில் எவனுக்கு இது தோன்றும்? அதனால் அவர்கள் சொன்ன வீடியோ போன் வரவில்லை. வந்தது வேறு.

ராத்திரி ஷிப்ட்:

சார், இதைப் படித்துவிட்டு 1982-இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ ஞாபகம் வந்து தேடிப் பார்த்தேன். கதை நடப்பது 2019 நவம்பர், லாஸ் ஏஞ்சலஸ். வானத்தில் கார் பறக்கிறது, வேற்றுக் கிரகங்களில் குடியேற்றம், மனிதனையும் செயற்கை மனிதனையும் பிரித்துச் சொல்லத் தனிப் போலீஸ். ஆனால் ஹீரோ ஒரு பெண்ணிடம் பேச பார் சுவரில் மாட்டிய வீடியோ போனுக்குப் போகிறார். முடிந்ததும் திரையில் 1.25 டாலர்!

சரி, நிலா என்ன ஆச்சு?

கேபிள் குழி:

பார்த்தீர்களா, பதினாலு வருஷம் கழித்து 45 சென்ட் குறைத்திருக்கிறார்கள், மீட்டரைக் கழற்ற மனசு வரவில்லை.

நிலாவிலும் நான் தேடுவது பில் கட்டின ஆளைத்தான். பான் ஆம் நிஜமாகவே நிலாப் பயணத்துக்குப் பெயர் பதிந்தது தெரியுமா? 1968-இல் இருந்து 1971 வரை 93,000 பேருக்கு மேல் பதிந்தார்கள். எண் போட்ட அட்டை கொடுத்தார்கள், முன்பணம் கிடையாது. எங்கள் டெலிபோன் காத்திருப்புப் பட்டியல் எவ்வளவோ மேல், கடைசியில் போன் வந்து சேர்ந்தது. பான் ஆம் கம்பெனியே 1991 டிசம்பரில் மூடிவிட்டது.

நிலாவுக்கு ஆள் அனுப்பிய அப்போலோ திட்டத்துக்குப் பணம் கொடுத்தது பயணி இல்லை, ரஷ்யாவை முந்த வேண்டும் என்ற அவசரம். 1966-இல் அமெரிக்க மத்திய அரசு செலவழித்த ஒவ்வொரு 100 டாலரிலும் 4 டாலருக்கு மேல் நாசாவுக்குப் போனது. எழுபதுகளின் நடுவில் அது ஒரு டாலருக்கும் கீழே. படம் தயாரானது சரியாக அந்த உச்சத்தில். பந்தயத்துக்குச் செய்த செலவை மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு 2001 வரைக்கும் கோடு இழுத்துவிட்டார்கள்.

வானோடி:

கேபிள் ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பணத்துக்குப் பின்னால் எடை இருக்கிறது. அப்போலோவை ஏற்றிப் போன சாட்டர்ன் 5 ராக்கெட் கிளம்பும்போது ஏறக்குறைய 3,000 டன். மூன்று பேரோடு கடலில் வந்து விழும் கூண்டு ஐந்து டன் சொச்சம். மீதி எல்லாம் எரிந்தது, கழற்றி விட்டது. நீங்கள் சொன்ன கணக்கை வைத்துப் படத்தைச் சுருக்கலாம், ஆளைச் சுருக்க முடியாதே.

நான் விமானப் பராமரிப்பில் இருப்பவன், அதனால் அந்தப் பக்கமே யோசிக்கிறேன். 1958-இல் போயிங் 707 மணிக்கு 900 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. இன்று சென்னையில் இருந்து லண்டன் போகிற விமானமும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். நடுவில் ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்த கான்கார்ட் விமானம் 1976-இல் பயணிகளை ஏற்ற ஆரம்பித்தது, 2003-இல் நின்றுபோனது. எரிபொருள் குடிக்கும், சத்தத்தால் தரைக்கு மேல் வேகமாகப் பறக்கவும் பல நாடுகள் விடவில்லை. ஆனால் 1968-இல் கதை எழுதியவர்களை நினைத்துப் பாருங்கள். 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்ததைப் பேப்பரில் படித்தவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். வேகம் ஏறிக்கொண்டேதான் போகும் என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு?

கேபிள் குழி:

எடை நியாயம்தான். ஆனால் அப்போலோ 18, 19, 20 மூன்றையும் 1970-லேயே ரத்து செய்தபோது நாசாவுக்கு எடை புதுசாகத் தெரியவரவில்லை. அவற்றுக்காகக் கட்டிய ராக்கெட் பாகங்களைக் கோத்து ஹூஸ்டனில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், டிக்கெட் வாங்கினால் யாரும் பார்க்கலாம். 3,000 டன்னையும் தூக்கக் கூடியதாகச் செய்து முடித்த பொருள் அது. ஏற்றிவிடப் பணம் கொடுக்க ஆள் இல்லை.