ஒரே காட்சி, இரண்டு கடிதங்கள்: லிங்கனை எப்படி வாசிப்பது?

வைகைக்கரை:
ஆபிரகாம் லிங்கன் தம் நெருங்கிய நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு 1855 ஆகஸ்ட் 24 அன்று எழுதிய கடிதத்தை அண்மையில் வாசித்தேன். 1841இல் இருவரும் லூயிவில்லிலிருந்து செயிண்ட் லூயிசுக்கு நீராவிப் படகில் சென்றபோது, விலங்கிட்டுப் பிணைக்கப்பட்ட பத்துப் பன்னிரண்டு அடிமைகளைக் கண்டதை நினைவூட்டி, அக்காட்சி தம்மை ஓயாமல் வதைத்தது என்கிறார். ஆனால் அப்பயணம் முடிந்த கையோடு, 1841 செப்டம்பரில் ஸ்பீடின் சகோதரி மேரிக்கு எழுதியபோது, படகிலேயே அந்த அடிமைகள்தாம் மிக உற்சாகமாகத் தோன்றினார்கள் என்றிருக்கிறார். 1855இல் சொன்னது அரசியலுக்காகத் திருத்திக்கொண்ட நினைவா?

ஏட்டுப்பித்தன்:
மேரிக்கு எழுதியதை முழுமையாக வாசித்தால் முரண் இவ்வளவு கூர்மையாகத் தெரியாது. தூண்டில் கயிற்றில் கோத்த மீன்களைப் போல அவர்கள் பிணைக்கப்பட்டிருந்ததையும், பெற்றோரையும் மனைவி மக்களையும் விட்டு இன்னும் கொடிய சவுக்கடிக்குக் கொண்டுபோகப்பட்டதையும் சொல்லிவிட்டுத்தான், மனைவி மீது மிதமிஞ்சிய அன்பு வைத்த குற்றத்துக்காக விற்கப்பட்ட ஒருவன் ஏறக்குறைய இடைவிடாமல் பிடில் வாசித்தான் என்கிறார். ஸ்பீடு குடும்பத்தின் ஃபார்மிங்டன் பண்ணையில் விருந்தாளியாகத் தங்கித் திரும்பியவர் அவ்வீட்டுப் பெண்ணுக்கு எழுதிய மடல் அது. பல் பிடுங்கிய வேதனைகூட அதில் வருகிறது. அந்தப் பண்ணையே அடிமைகளின் உழைப்பில் நடந்தது என்பதை மறந்துவிடலாகாது.

1855இன் நிலை வேறு. அடிமைமுறை கொள்கையளவில் தவறுதான் என்று ஒப்புக்கொண்ட ஸ்பீடு, அதில் சம்பந்தமில்லாதவர்களின் சொல்லுக்காக அடிமைகளை வைத்திருக்கும் தம் உரிமையை விடுவதைவிட நாடு பிளவுபடுவதே மேல் என்று எழுதியிருந்தார். ‘எனக்கா சம்பந்தமில்லை?’ என்பதற்கான விடையாகவே படகுக் காட்சி வருகிறது. கூடவே பயணம் செய்தவரிடம் விலங்கைப் பற்றிக் கதை கட்ட இயலாது. தம் மனவேதனையைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்ற ஐயம் எஞ்சும். எனினும் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

தென்றல்முற்றம்:
காலத்தையும் கருதவேண்டும். 1854ஆம் ஆண்டின் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அடிமைமுறை பரவுவதற்கு எல்லை வகுத்திருந்த 1820இன் மிசூரி உடன்பாட்டைக் குலைத்திருந்தது. அப்போது எப்பதவியிலும் இல்லாத லிங்கன், அடிமைமுறை புதிய நிலங்களுக்குப் பரவுவதை எதிர்த்தாரே தவிர, ஸ்பீடு வாழ்ந்த கென்டக்கி மாநிலத்தில் அவருக்கிருந்த சட்ட உரிமையை மறுக்கவில்லை. தப்பியோடுவோர் வேட்டையாடப்படுவதைக் காணச் சகிக்காவிட்டாலும், உதட்டைக் கடித்துக்கொண்டு வாய்மூடி இருப்பதாக எழுதுகிறார். எனக்கு இக்கடிதத்தில் உறுத்துவது அந்த வரிதான்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. இத்தனை கடுமையாக எழுதிய பின்னும் நட்பு நிலைத்ததா?

ஏட்டுப்பித்தன்:
நிலைத்தது. என்றும் உன் நண்பன் என்றுதான் கையொப்பமிட்டிருக்கிறார். அதற்குச் சற்று முன், இவ்விஷயத்தில் உன்னைவிட உன் மனைவிதான் என் பக்கம் என்று ஒரு குத்தலும் உண்டு. உள்நாட்டுப் போர் மூண்டதும் கென்டக்கி மாநிலம் அமெரிக்க ஒன்றியத்தைவிட்டு விலகாதிருக்க ஸ்பீடு உழைத்தார். ஆனால் 1861இல் மிசூரியில் ஒன்றியப் படைத் தளபதி ஃபிரிமாண்ட் கிளர்ச்சியாளர்களின் அடிமைகளை விடுவித்து ஆணையிட்டபோது, அதைக் கடுமையாக எதிர்த்து லிங்கனுக்கே எழுதினார். 1864இல் லிங்கனின் அமைச்சரவையில் தலைமை வழக்கறிஞராகச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்பீடு, ஜோஷுவாவின் அண்ணன்.