எங்கம்மாவுக்குக் கண் நல்லாத்தான் தெரிஞ்சுது: சுகரும் விழித்திரையும், நம்ம பக்கத்து அனுபவங்கள்

ஆலங்குளம் பக்கம்

எங்கம்மா நாப்பது வருசமா பீடி சுத்துறாங்க. சுகர் வந்து பதினோரு வருசம். பீடித்தட்டை மடியில வச்சு டிவி பாத்துக்கிட்டே ஆயிரம் பீடி முடிச்சுருவாங்க. கண்ணைக் காட்டுவோம்னு கூப்பிட்டா, "எனக்குத்தான் நல்லா தெரியுதே, பின்ன என்னத்துக்குல ஆஸ்பத்திரி?" அதுக்கு மேல நானும் வற்புறுத்தல. பீடி கைப்பழக்கத்துல ஓடுற வேலைன்னு எனக்கு அப்ப உறைக்கல.

போன ஆனியில, பீடிக்கடை கணக்குப் புத்தகத்துல எழுத்து நெளியுதுன்னாங்க. ஒரு கடையில கண்ணாடி மாத்தினோம். ரெண்டு மாசத்துல திரும்பவும் மாத்தினோம். ரெண்டு தடவையும் கண்ணுக்குள்ள யாரும் பாக்கல. அந்த ரெண்டு மாசத்தை நினைச்சா இன்னும் மனசு ஆறல.

அப்புறம் திருநெல்வேலியில கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம் கண்ணை மூடி உக்காரச் சொன்னாங்க. எழுத்துப் பலகையில வலது கண்ணு கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் வாசிச்சுது. நான் நிம்மதியாயிட்டேன். ஆனா அந்தக் கண்ணோட படத்தைத் திரையில காட்டினப்போ அங்கங்க ரத்தத் திட்டு. டாக்டர் பொறுமையா சொன்னாங்க: கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற விழித்திரையை நாலு பங்கா வச்சுக்கணும், நாலு பங்குலயும் ரத்தக்கசிவு நிறைய இருந்தாலோ, ரெண்டு பங்குல ரத்தக்குழாய் மணி கோத்த மாதிரி வீங்கியிருந்தாலோ, ஒரு பங்குலயாவது குழாய்கள் தாறுமாறா கிளைச்சிருந்தாலோ, அது சுகரால வர்ற விழித்திரை நோயோட கடும் நிலை. அம்மாவுக்கு ரெண்டாவது வகை. நல்லா வாசிச்ச கண்ணுக்கே இந்தக் கதி!

இடது கண்ணு அதையும் தாண்டிருச்சு. புதுசா முளைச்ச மெல்லிய ரத்தக்குழாய்கள், கூடவே நடுப்பார்வை இடத்துல நீர்க்கட்டு. எழுத்து நெளிஞ்சது அதனாலதான். அதுக்கு ஊசியும் லேசரும் நடக்கு. இத்தனை நாளா வலது கண்ணுதான் ரெண்டு கண்ணு வேலையையும் பாத்திருக்கு.

சங்கரன்கோவில்

முகாம்கள்ல விழித்திரைப் படம் எடுக்கிறது என் வேலை. ஆலங்குளத்து அம்மா மாதிரி தினமும் பாக்கேன். ஊசி குத்தின அளவு சிவப்புப் புள்ளிதான் முதல்ல வரும். அந்த நேரத்துல யாருக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது. பிறகு ஓரம் தெளிவா இருக்கிற மஞ்சள் துணுக்கு, அது கசிஞ்ச கொழுப்பு. ஓரம் கலங்கின வெள்ளைத் திட்டுன்னா அங்க ரத்த ஓட்டம் போகலன்னு அர்த்தம்.

கம்ப்யூட்டரே பாத்துச் சொல்லிருமாமேன்னு கேக்காக. 2016-ல கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வுல 1,28,175 படங்களைக் கண் மருத்துவர்கள் தரம் பிரிச்சுக் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கினாங்க. அரவிந்த், சங்கர நேத்ராலயா படங்களும் அதுல உண்டு. நல்ல உதவிதான். ஆனா புரை இருந்தா படம் மங்கலாத்தான் விழும். 'படம் தெளிவில்லை'ன்னு சீட்டு வந்தா 'நோய் இல்லை'ன்னு வீட்டுக்குப் போயிராதீக. அந்தச் சீட்டு வந்தவங்கதான் முதல்ல டாக்டரைப் பாக்கணும். நீர்க்கட்டோட கனத்தை அளக்க, விழித்திரையை அடுக்கடுக்கா காட்டுற ஓசிடி ஸ்கேன் வேணும். டைப் 2 சுகர்னா, தெரிஞ்ச உடனேயே ஒரு தடவை விழித்திரையைப் பாத்துரணும், அப்புறம் வருசா வருசம்.

விக்கிரமசிங்கபுரம்

எனக்கு எழுத்தும் நெளியல, ஒண்ணும் இல்ல. தென்காசி பஸ்ல போய்க்கிட்டிருந்தேன், திடீர்னு வலது கண்ணுக்குள்ள மை சிந்தின மாதிரி கறுப்பு இழை இறங்குச்சு. வலியே கிடையாது. ராத்திரிக்குள்ள அந்தக் கண்ணு முழுக்க இருட்டு. புதுக்குழாய் உடைஞ்சு ரத்தம் கொட்டிருக்கு. ஆபரேசன் பண்ணி ரத்தத்தை எடுத்தாங்க. இப்ப ஆளு அடையாளம் தெரியுது, பேப்பர் வாசிக்க முடியல. இடது கண்ணுக்கு லேசர் வர்ற வியாழக்கிழமை. மருந்து விட்டா வண்டி ஓட்ட முடியாது, மகன் கூட வாரான்.