1.3 டீசல் ஹேட்ச்பேக்: கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை. வாட்டர் பம்ப்தானா?

சேலம் டீசல்:
வணக்கம். 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாக, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவு டேங்கில் இறங்கிக்கொண்டே வருகிறது. வண்டி நிற்கும் இடத்தில் தரை காய்ந்துதான் கிடக்கிறது. ஊருக்குள் டெம்பரேச்சர் முள் அசைவதில்லை. ஏற்காடு ஏறும்போது மட்டும் பாதி வளைவு தாண்டியதும் முள் மேலே போகிறது, ஏசியை அணைத்தால் இறங்குகிறது. பெல்ட் பக்கம் லேசாக ஒரு உறுமலும் கேட்கிறது.

மெக்கானிக் ஒருவர் பம்ப் (கூலன்ட்டைச் சுற்றவிடுவது), தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறப்பது), ரேடியேட்டர் (கூலன்ட்டை ஆறவைப்பது) மூன்றையும் மாற்றச் சொல்கிறார். மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா? எதை முதலில் பார்ப்பது?

பழைய ஸ்பானர்:
தம்பி, எதையும் வாங்கிவிடாதீர்கள். தரையில் சொட்டவில்லை என்பதால் ஒழுக்கு இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். சூடான எஞ்சின் மேல் விழும் கூலன்ட் அங்கேயே காய்ந்துவிடும். மிச்சத்தை அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு பிடித்துக்கொள்ளும்.

பம்பின் உடம்பில், கூலன்ட்டைத் தடுக்கும் சீலுக்கும், தண்டைச் சுழலவிடும் பேரிங்குக்கும் நடுவே சின்னதாக ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வரட்டும் என்று வைத்தது. எஞ்சின் ஆறினபிறகு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். ஓட்டைக்குக் கீழே கூலன்ட் நிறத்திலோ வெள்ளையாகவோ உப்புப் பூத்த மாதிரி கோடு இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. ஓட்டையை அடைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய் அதையும் அரித்துவிடும்.

அங்கே கோடு இல்லை என்றால் ஆறின எஞ்சினில் பிரஷர் டெஸ்ட் (டேங்க் வழியாகக் காற்றழுத்தம் ஏற்றிப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். டேங்க் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். எங்கே கசிகிறது என்று அதுவே காட்டிவிடும். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

மதுரை வாசி:
பம்ப் மாற்றுவதாக இருந்தால் டைமிங் பெல்ட்டையும் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) சேர்த்து மாற்றிவிடுங்கள் நண்பரே. இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.

பழைய ஸ்பானர்:
பம்பை டைமிங் பெல்ட்டே சுற்றும் எஞ்சின்களுக்கு நீங்கள் சொல்வது ரொம்பச் சரி. அங்கே பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து, வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போகும். இவருடைய எஞ்சினில் டைமிங்குக்குச் செயின். பம்ப் ஓடுவது ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளி பெல்ட்டில். அதனால் வெளி பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்த்தால் போதும்.

உறுமல் எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதும் சுலபம். எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றிப் பாருங்கள். பம்ப் புல்லியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டமே இருக்கக் கூடாது.

கோவை டிரைவர்:
ஹெட் கேஸ்கட்டையும் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மறக்க வேண்டாம் சார். டேங்கில் விடாமல் குமிழி, புகைக்குழாயில் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்தது போல் பிசுபிசுப்பு, இதில் ஏதாவது இருந்தால் பம்ப் மாற்றிப் பயனில்லை. முன்சீட்டுக் கால்மிதியடிக்குக் கீழே ஈரம் இருந்தால், கேபினைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. சூடாகும்போது ரேடியேட்டர் மின்விசிறி ஓடுகிறதா?

சேலம் டீசல்:
ஃபேன் ஓடுகிறது. புகை, குமிழி, ஈரம் எதுவும் இல்லை. பம்ப் ஓட்டைக்குக் கீழே பச்சையும் வெள்ளையுமாகக் கோடு நன்றாகத் தெரிகிறது. புல்லியிலும் ஆட்டம் இருக்கிறது. இன்னொன்று: முன்பு சர்வீஸ் விட்ட இடத்தில் ஒவ்வொரு தடவையும் போர் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். அதனால் இப்படி ஆகுமா?

பழைய ஸ்பானர்:
கட்டாயம் ஆகும். நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளே படிந்து சீலின் முகத்தைத் தேய்க்கும், ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கும். மேலே மேலே வெறும் தண்ணீர் ஊற்றினால் கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பும் நீர்த்துப்போகும். சர்வீஸ் சென்டர்களில் இதைச் சாதாரணமாகச் செய்வதைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது.

உங்களுக்கு பம்பும் பெல்ட்டும் மாற்றினால் போதும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள், அதன் மேல் குறித்த சூட்டில் திறந்தால் அதையே போடலாம். ரேடியேட்டரை நல்ல தண்ணீர் விட்டு அலசிப் பார்த்து, அடைப்பு போகாவிட்டால் மட்டும் யோசியுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் கவனியுங்கள். பழைய கேஸ்கட் ஒட்டியிருந்த முகத்தைக் கீறல் விழாமல் சுத்தம் செய்ய வேண்டும். பாதிப் பம்ப் வேலைகள் இங்கேதான் கெடுகின்றன. புதுப் பம்பில் ரப்பர் சீலோ கேஸ்கட்டோ வந்தால் அதன் மேல் சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூச விடாதீர்கள். உதிர்ந்த துண்டு ரேடியேட்டரில் போய் உட்காரும். போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்கட்டும்.

அப்புறம் வண்டிக் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. ரெடிமிக்ஸ் வாங்கினால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். பழைய கூலன்ட்டைத் தரையில் விடாமல் கேனில் பிடியுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து.

சேலம் டீசல்:
மாற்றியாகிவிட்டது அண்ணா. பழைய பம்பின் இம்பெல்லர் (கூலன்ட்டைத் தள்ளும் சக்கரம்) ஓரம் அரித்து, துருப்பிடித்து இருந்தது. தெர்மோஸ்டாட் நன்றாகத் திறந்தது, அதையே போட்டோம். உறுமல் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் டேங்கில் அளவு ஒரு விரல் இறங்கியிருக்கிறது. மறுபடியும் ஒழுகுகிறதா?

பழைய ஸ்பானர்:
உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறினாலும் இப்படி இறங்கும். ஆறின வண்டியில் மேல் கோடு வரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒன்றிரண்டு தடவை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விடுங்கள். டேஷ்போர்டில் சூடான காற்று சீராக வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் காற்று இன்னும் இருக்கிறது. நன்றாக ஆறவிட்டு மறுபடி அளவு பாருங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால் பம்ப் முகத்தைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இங்கே ஒரு போட்டோ போடுங்கள். அதுவரை மலை ஏற வேண்டாம்.