விமானத் தாமத இழப்பீடு: மறுப்புக் கடிதங்கள் இருந்தால் அனுப்புங்கள்

நண்பர்களே, ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி இழப்பீடு கேட்க, தமிழில் விளக்கத்தோடு ஒரு மாதிரிக் கடிதம் தயாராகிறது. அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

தொகைப் பகுதி முடிந்தது. இறங்குமிடத்தை 3 மணி நேரமோ அதற்கும் மேலோ தாமதமாக அடைந்தால் 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதைத் தாண்டினால் 400. ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கி.மீ.க்கு மேல் என்றால் 600. அதில் தாமதம் 4 மணி நேரத்துக்குள் அடங்கினால் பாதியாகக் குறைக்கலாம்.

சிக்கல் வருவது 'அசாதாரணச் சூழ்நிலை' என்ற சொல்லில்தான். தங்கள் கட்டுப்பாட்டை மீறிய அப்படியொரு சூழ்நிலை என்றால் விமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. அதனால் தொழில்நுட்பக் கோளாறு என்று நிறுவனங்கள் ஒரே வரியில் மறுக்கின்றன. வழக்கமான பராமரிப்பில் தெரியவரும் கோளாறு அதில் சேராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. எந்தப் பாகம், எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்டால்தான் வாதாட முடியும். உங்களுக்கு வந்த மறுப்புக் கடிதங்களைப் பெயரையும் முன்பதிவு எண்ணையும் அழித்துவிட்டு அனுப்புங்கள். அவர்கள் எழுதும் சொற்கள் அப்படியே தேவை.

இன்னொன்று, வந்துசேர்ந்த நேரம். சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை, கதவு திறந்த நேரமே கணக்கு. 2 மணி 55 நிமிடத் தாமதத்தில் தரையிறங்கிய விமானத்துக்கு இதுவே எல்லாம். கதவு திறந்ததை எப்படி நிரூபித்தீர்கள்? கைப்பேசிப் படம், செய்தி, எது ஏற்கப்பட்டது?

பணத்துக்குப் பதில் பயணச்சீட்டுக் கூப்பன் தந்தால், உங்கள் கோரிக்கைக்கு நிறுவனத்தின் பதில் வரும்வரை கையெழுத்திட வேண்டாம். உங்கள் ஒப்புதல் இல்லாமல் அதைத் திணிக்க முடியாது.