கழக நிதிக்காகத் தொடங்கிய ஃபன் ரன்: தடகளத்துக்குக் கடைசியில் என்ன மிஞ்சியது?

பழைய_பதிவேடு:
எங்கள் தடகளக் கழகம் ஆண்டுதோறும் ஒரு 'ஃபன் ரன்', அதாவது யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்ற பொது ஓட்டம், நடத்துகிறது. பிள்ளைகளுக்கு ஸ்பைக்ஸ் (ஆணி ஷூ), ஹர்டில்ஸ் (தாண்டும் தடைகள்), போட்டிக்குப் போய்வரும் செலவு என்று இவற்றுக்குப் பணம் திரட்டத்தான் முதலில் ஆரம்பித்தார்கள். அதன் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய கோப்புகளைப் புரட்டினால் ஒன்று கண்ணை உறுத்துகிறது. ஆரம்ப ஆண்டு அறிக்கைகளில் கடைசி வரி எப்போதும் "கழகத்துக்குச் சேர்ந்த தொகை". போகப் போக அந்தத் தொகை சிறுத்து, ஒரு கட்டத்தில் வரியே காணாமல் போகிறது. அந்த இடத்தில் "இத்தனை பேர் ஓடினார்கள்" என்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை வளர்ச்சி என்று எழுதுவதா, வழி தவறியது என்று எழுதுவதா? மற்ற இடங்களில் இந்தக் கதை எப்படிப் போனது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈட்டிக்காரன்:
வழி தவறியது என்றே எழுதுங்கள் சார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நான் எறிதல் கோச். எங்கள் பக்கமும் இப்படி ஒரு ஓட்டம் உண்டு. அன்றைக்கு என் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து தடுப்புக் கம்பி தூக்குவார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள், கூட்டம் கலைந்த பிறகு சாலையில் கிடக்கும் குவளைகளைப் பொறுக்குவார்கள். முன்னும் பின்னுமாக ஒரு வாரப் பயிற்சி போச்சு. பதிலுக்குப் புது ஈட்டி கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஓடியவர், நடந்தவர், செல்ஃபி எடுத்தவர் எல்லாருக்கும் மெடல் அடிக்கக் காசு இருக்கிறது. மெடல் இல்லாமல் வீட்டுக்குப் போனது என் பிள்ளைகள் மட்டும்தான்.

ஏழாம்_லேப்:
ஈட்டிக்காரன் அண்ணே, உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் அந்த எரிச்சலிலேயே வரலாற்றை எழுதிவிட முடியாது.

இந்தப் பொது ஓட்டம் தடகளத்துக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சரக்கு இல்லை. உள்ளிருந்து முளைத்தது. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். அதே மனிதர்தான் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆக்லாந்தில் நடுவயதுக்காரர்களைத் திரட்டி மெதுவாக ஓடவைத்தார். ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் அப்படிப் பிறந்தது. 1962 கடைசியில் அங்கே போன அமெரிக்க கோச் பில் போவர்மேன், லிடியார்டோடு ஓடப் போய், தன்னைவிட வயதானவர்கள் தன்னை விட்டுவிட்டு முன்னால் போவதைப் பார்த்தார். ஊர் திரும்பி ஓரிகனில் அதையே ஆரம்பித்தார்.

இன்னொரு கிளை: மாண்ட்ரியலில் 1976-ல் 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கிய பிரெண்டன் ஃபாஸ்டர், 1979-ல் ஆக்லாந்தின் 'ரவுண்ட் த பேஸ்' ஓட்டத்தில் ஓடினார். ஒரு நகரமே சாலையில் இறங்கி ஓடியதைப் பார்த்துவிட்டு 1981-ல் நியூகாசிலில் கிரேட் நார்த் ரன்னைத் தொடங்கினார். முதல் ஆண்டே ஏறத்தாழ 12,000 பேர். சிட்னியின் சிட்டி டு சர்ஃப் 1971-ல் சுமார் 2,000 பேரோடு தொடங்கியது. முதல் ஆண்டு அதை வென்றவர் கென்னி மூர், ஒலிம்பிக் மாரத்தான் ஓடியவர். ஃபன் ரன் வேறு, தடகளம் வேறு என்று அந்த மனிதர்கள் நினைக்கவே இல்லை.

ஈட்டிக்காரன்:
தம்பி, நீங்கள் சொன்ன வருடங்களை நீங்களே வரிசையாக வைத்துப் பாருங்கள். ஸ்னெல் தங்கம் வாங்கியது 1960. ஜாகர் கிளப் அதற்குப் பிறகு. ஃபாஸ்டர் மெடல் 1976, அவர் தொடங்கிய ஓட்டம் 1981. முதலில் சாம்பியன், அப்புறம்தான் கூட்டம். கூட்டத்திலிருந்து சாம்பியன் வந்த கதையைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். 1981-ல் லண்டன் மாரத்தானும் வந்தது, கிரேட் நார்த் ரன்னும் வந்தது. சாலை முழுக்கக் கூட்டம். 1985-ல் சிகாகோ மாரத்தானில் ஸ்டீவ் ஜோன்ஸ் 2:07:13 ஓடினார். அந்த பிரிட்டிஷ் சாதனையை முறியடிக்க மோ ஃபரா வரவேண்டியிருந்தது, அதுவும் 2018-ல். இடையில் எத்தனை லட்சம் பேர் டி-ஷர்ட் வாங்கினார்கள்?

ஏழாம்_லேப்:
அதே நாட்டில், அதே லண்டன் சாலையில், 2003-ல் பவுலா ராட்கிளிஃப் 2:15:25 ஓடி, பெண்கள் மாரத்தானில் உலக சாதனை படைத்தாரே. அதை மட்டும் ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

கடைசி_வரிசை:
இவ்வளவு நேரம் ஆண்கள் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் நான் பேசவில்லை. ராட்கிளிஃப் பெயர் வந்துவிட்டது, இனி நான் பேசலாம்.

ஈட்டிக்காரன் சார், "உண்மையான தடகளம்" என்று நீங்கள் கையெடுத்துக் கும்பிடும் டிராக், பெண்களுக்கு என்ன கொடுத்தது? 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனார்களாம், உடனே தூக்கிவிட்டார்கள். திரும்பி வர 1960 ஆனது. 1,500 மீட்டர் 1972-ல்தான். அதற்கு மேல் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்று சொன்னவர்கள் சங்கத்துப் பெரியவர்கள், ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தவர்கள்.

அதே 1972 ஜூனில் நியூயார்க்கில் பெண்களுக்கென்றே ஆறு மைல் சாலை ஓட்டம் ஒன்று நடந்தது. 78 பேர் ஓடினார்கள். ஒரு ஷேவிங் ஜெல் கம்பெனி விளம்பரத்துக்காகக் காசு போட்ட ஓட்டம் அது. 'மினி மாரத்தான்' என்ற பெயரே மினி ஸ்கர்ட்டை நினைத்து வைத்ததுதான். நீங்கள் முகம் சுளிக்கும் விளம்பரக் கூத்தின் மொத்த உருவம்! ஆனால் ஓடியது நிஜப் பெண்கள். சில மாதம் கழித்து அதே நகரத்து மாரத்தானில், பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னால் தனியாகக் கிளம்ப வேண்டும் என்று விதி போட்டார்கள். துப்பாக்கி வெடித்தது. ஆறு பெண்கள் தொடக்கக் கோட்டில் அப்படியே உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம். ஆண்களின் துப்பாக்கி வெடித்ததும் எழுந்து ஓடினார்கள்.

ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984-ல் வந்தது, ஜோன் பெனாய்ட் ஜெயித்தார். அந்தக் கதவை இடித்துத் திறந்தது டிராக்கா, சாலையா?

நானும் ஒரு ஃபன் ரன்னில் கடைசி ஆளாகத்தான் முடித்தேன். ஃபினிஷ் லைனைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கழகப் பையன் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி விரித்துப் பிடித்தான். ஒருவேளை உங்கள் பிள்ளைகளைப் போல ஒருவன்தான். இன்று என் மகள் அதே மாதிரி ஒரு கழகத்தில் நீளம் தாண்டுகிறாள்.

ஈட்டிக்காரன்:
அம்மா, பெண்கள் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அதை மறுக்க மாட்டேன். அந்தக் காலத்துச் சங்கங்கள் செய்தது அநியாயம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இங்கே எல்லாரும் சொல்வது ஓட்டம், ஓட்டம், ஓட்டம். தடகளம் என்றால் ஓட்டம் மட்டுமா? குண்டு, ஈட்டி, வட்டு, சம்மட்டி, உயரம், கம்பூன்றித் தாண்டுதல், இதெல்லாம் எங்கே? ஈட்டியை யாரும் ஜாலிக்கு எறிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாயிரம் பேர் கம்பூன்ற வருவதில்லை. கூட்டம் வராத விளையாட்டுக்குக் கூட்டம் வருகிற விளையாட்டு சோறு போட வேண்டும், அதற்குத்தானே இந்த ஏற்பாடு? சோறு வரவில்லை என்பதுதான் என் வழக்கு. உங்கள் மகள் நீளம் தாண்டுகிற மணல் குழியில் கடைசியாக எப்போது மணல் மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசி_வரிசை:
கேட்க வேண்டியதே இல்லை. அவள் ஷூவைத் துவைப்பது நான்தான். அது மணல் இல்லை, மண். 😅

சைக்கிள்_மீட்டர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஓட்டப் பாதை அளப்பவன் நான். உங்கள் பட்டிமன்றத்தில் யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது: பாதி ஃபன் ரன்களில் தூரமே சரி கிடையாது.

அளக்கிற முறை சிக்கலானதில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்ன எண்ணியை மாட்டுவோம். எஃகு நாடாவால் அளந்து வைத்த நேர்ச் சாலையில் முதலில் ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று பிடிப்போம். வெயில் ஏறினால் டயர் விரியும், கணக்கு மாறும். அதனால் அளந்து முடித்த பிறகும் அதே சாலையில் மறுபடி ஓட்டிச் சரிபார்ப்போம். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடுபவர் வெட்டிப் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டைத்தான் பிடிக்க வேண்டும். கடைசியில் ஆயிரத்துக்கு ஒன்று கூட்டுவோம். 10 கி.மீ. பாதை என்றால் 10,010 மீட்டர் இருக்கும். கூடலாம், குறையக் கூடாது.

இவ்வளவு எதற்கு என்றால், 1981 நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்ட்டோ சலசார் 2:08:13 ஓடினார், உலக சாதனை என்று கொண்டாடினார்கள். பிறகு அளந்து பார்த்தால் பாதை ஏறத்தாழ 150 மீட்டர் குறைவு. சாதனை போயிற்று. அவ்வளவு பெரிய ஓட்டத்துக்கே அந்தக் கதி. ஒரு பதினாறு வயதுப் பெண் உங்கள் ஃபன் ரன்னில் அசாத்திய நேரத்தில் ஓடி வந்தாலும், அந்த நேரத்தை வைத்து எந்தத் தேர்வாளரிடமும் போய் நிற்க முடியாது. ஏழாம்_லேப், கூட்டத்திலிருந்து திறமை வரும் என்கிறீர்கள். வந்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடிதானே நடத்துகிறோம்?

ஏழாம்_லேப்:
இது நல்ல அடி. ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் "சோறு வரவில்லை" என்பது ஃபன் ரன்னின் குற்றமா, நடத்துபவர்களின் குற்றமா? லண்டன் மாரத்தானைத் தொடங்கிய கிறிஸ் பிரேஷர் (1956 ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் என்ற தடை தாண்டி ஓடும் போட்டியில் தங்கம் வாங்கியவர்), செலவு போக மிஞ்சுவது விளையாட்டு, பொழுதுபோக்கு வசதிகளுக்குப் போக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்தார். அதற்கென்று தனி அறக்கட்டளை இருக்கிறது. எழுதி வைத்ததால் நடந்தது. இன்னொரு பக்கம், பூங்காக்களில் வாராவாரம் நடக்கும் பார்க்ரன் ஓட்டம். 2004-ல் பால் சின்டன் ஹியூவிட் காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தபோது பூங்காவில் 13 பேரை ஓடவைத்தார். கட்டணம் கிடையாது, மெடல் கிடையாது. பணம் திரட்டுகிறேன் என்று சொல்லவுமில்லை, ஏமாற்றவுமில்லை. இரண்டும் நேர்மை. நடுவில் நிற்பதுதான் பிரச்சினை: கழகத்தின் பெயரைச் சொல்லிக் காசு வாங்கி, அதை மெடலிலும் மேடையிலும் கரைப்பது.

ஈட்டிக்காரன்:
இதைத்தானே நான் முதலிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்?

ஏழாம்_லேப்:
இல்லை அண்ணே. நீங்கள் ஓட்டத்தையே குறை சொன்னீர்கள். நான் கணக்கைக் குறை சொல்கிறேன்.

பழைய_பதிவேடு:
இரண்டு நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லாம் பேசியதைப் படித்துவிட்டு மறுபடி கோப்பு அறைக்குப் போனேன். இரண்டு விஷயம் கிடைத்தது.

முதலாவது, அந்தத் தொகை சிறுத்த கதை. யாரும் கையாடவில்லை. நல்ல மனசோடுதான் கெடுத்திருக்கிறார்கள். ஒரு வருடம் எல்லாருக்கும் மெடல் என்று தீர்மானம். அடுத்து டி-ஷர்ட். பிறகு கையால் நேரம் குறித்துக்கொண்டிருந்த கழகத்து ஆட்களை விட்டுவிட்டு, சிப் டைமிங்குக்கு (ஓடுபவர் மாட்டிக்கொள்ளும் சிப்பே நேரம் குறிப்பது) வெளியாட்கள். ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் "பங்கேற்பாளர்களின் எண்ணிக்கை உயரும்" என்று எழுதியிருக்கிறது. உயர்ந்துதான் இருக்கிறது. ஒரே ஒருவர், அப்போதைய பொருளாளர், "கழகத்தின் பங்கு முதலில் எடுத்து வைக்கப்பட வேண்டும்" என்று ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். குறிப்பில் அதற்கு அடுத்த வரி: "விவாதிக்கப்பட்டது." அவ்வளவுதான்.

இரண்டாவதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பழைய பதிவுப் படிவங்கள் ஒரு கட்டு கிடைத்தது. சைக்ளோஸ்டைல் எடுத்த தாள். பெயர், வயது, முகவரி, அடியில் ஒரு சின்னக் கட்டம்: "கழகத்தில் பயிற்சிக்குச் சேர விருப்பமா?" நிறையப் பேர் டிக் அடித்திருக்கிறார்கள். சிலருடைய படிவத்தில் பக்கத்திலேயே வேறு கையெழுத்தில் "செவ்வாய் மாலை வரச் சொல்லியாயிற்று" என்று இருக்கிறது. பின்னாளில் கழகத்துக்காக ஓடியதாக எனக்குத் தெரிந்த இரண்டு பெயர்கள் அந்தக் கட்டில் இருக்கின்றன. பதிவு ஆன்லைனுக்கு மாறிய வருடம் அந்தக் கட்டம் இல்லை. எடுத்துவிட வேண்டும் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. புதுப் படிவம் செய்தவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது. டி-ஷர்ட் அளவு கேட்கும் கட்டம் மட்டும் இருக்கிறது.

கடைசி_வரிசை:
செவ்வாய் மாலை வரச் சொன்ன அந்தக் கையெழுத்து யாருடையது?

பழைய_பதிவேடு:
அந்தப் பொருளாளருடையதுதான் என்று நினைக்கிறேன். எழுத்து ஒத்துப்போகிறது.

ஈட்டிக்காரன்:
அந்தக் கட்டத்தைத் திரும்பப் போடுங்கள் சார். போடும்போது ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று மூன்றாகப் போடுங்கள். எறிதலுக்கு ஒரே ஒருத்தன் டிக் அடித்தாலும் எனக்குப் போதும். கழகத்தின் பங்கை முதலில் எடுத்து வைக்கிற கணக்கு கையில் வரும்வரை என் கட்சி மாறாது. அதுவரை நான் எதிர்க்கட்சிதான்.

ஏழாம்_லேப்:
வரலாற்றில் அந்தப் படிவத்தின் படத்தை முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். ஐயாயிரம் பேர் நிற்கிற ட்ரோன் படம் அடுத்த பக்கத்துக்குப் போகட்டும்.

சைக்கிள்_மீட்டர்:
எல்லாம் இருக்கட்டும். உங்கள் ஓட்டம் எத்தனை கிலோமீட்டர்?

பழைய_பதிவேடு:
போஸ்டரில் 5 கி.மீ.

சைக்கிள்_மீட்டர்:
அளந்தது யார்?

பழைய_பதிவேடு:
கோப்பில் இருக்கிறது. "செயலாளர் தமது மோட்டார் சைக்கிளில் சென்று சரிபார்த்தார்."

சைக்கிள்_மீட்டர்:
நான் வருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.