ஒன்பது வயது இயக்குநரின் கன்னடப் படத்தைத் தமிழ்ப்பள்ளியில் திரையிடலாமா?

செந்துல் ஆசிரியை:
வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறேன். பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சிறுவர் படம் திரையிடத் தலைமையாசிரியர் இசைந்துள்ளார். 2006ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த சிறுவர் படமாகத் தேர்வான ‘கேர் ஆஃப் ஃபுட்பாத்’ என்ற கன்னடப் படத்தைக் காட்டலாம் என்று எண்ணுகிறேன். 1996இல் பிறந்த கிஷன் ஸ்ரீகாந்த், தமக்கு ஒன்பது வயதானபோது அதை இயக்கி, முழுநீளப் படம் இயக்கிய மிக இளையவர் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குடிசைப் பகுதிச் சிறுவன் ஒருவன் பள்ளிக்குச் செல்ல ஆசைப்படுவதே கதை. அந்தச் சிறுவனாக நடித்தவரும் அவரே. ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருவர், ஒன்பது வயதுப் பிள்ளை உண்மையாகவே இயக்கியிருக்க முடியுமா என்றும், தமிழில் ‘காக்கா முட்டை’ இருக்கும்போது கன்னடப் படம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். என்ன மறுமொழி சொல்லலாம்?

பட்டர்வொர்த் வாசகர்:
முதல் கேள்வி நியாயமானதே. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு ஆகியவற்றைத் தேர்ந்த பெரியவர்களே செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாற்பது வயது இயக்குநரும் அவ்வேலைகளைத் தம் கையால் செய்வதில்லை. எந்தக் காட்சி வேண்டும், நடிப்பு போதுமா, இன்னொரு முறை எடுக்க வேண்டுமா என்று முடிவு சொல்பவரே இயக்குநர். கிஷன் அதற்கு முன்பே பல கன்னடப் படங்களிலும் ‘பாப்பா பாண்டு’ தொலைக்காட்சித் தொடரிலும் நடித்தவர் என்பதால் படப்பிடிப்புத் தளம் அவருக்குப் புதிய இடம் அன்று. அதே வேளையில், படத்தைத் தயாரித்தவர் அவருடைய தாயார் என்பதையும், ஜாக்கி ஷெராஃப், சௌரப் சுக்லா போன்ற அனுபவமிக்க நடிகர்கள் துணை நின்றார்கள் என்பதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். திறமை மட்டும் இருந்தால் எந்தப் பிள்ளையும் படம் எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் வீடு திரும்பக் கூடாது.

சாதனையைப் பெரிதாகப் பேசுவதும் தேவையில்லை. நேபாளத்துச் சௌகத் பிஸ்தா ஏழு வயதிலேயே ‘லவ் யூ பாபா’வை இயக்கி, 2014இல் அந்த இடத்தைப் பிடித்துவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் அன்பர்:
ஆசிரியை அவர்களே, படத்தின் பொருள்தான் என்னை ஈர்க்கிறது. சாலையோரத்தில் பொருள் விற்கும் பிள்ளைகளைக் கண்டு, இவர்கள் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கிஷன் கேட்டதிலிருந்தே கதை பிறந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கிய இந்தியச் சட்டம் 2009இல்தான் இயற்றப்பட்டது, 2010 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. படமோ அதற்கு முன்பே வந்துவிட்டது.

நம் நாட்டில் தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். இருந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாமலோ குடியுரிமை கிடைக்காமலோ, பள்ளியில் சேர்வதற்காகப் பெற்றோருடன் அலுவலகம் அலுவலகமாக அலையும் பிள்ளைகள் நம் சமுதாயத்திலேயே இருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை அமர்ந்திருக்கவும் கூடும். ஆகவே, படத்துக்குப் பிறகு கலந்துரையாடும்போது, “உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா?” என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.

சுங்கை பூலோ அம்மா:
எனக்கு ஓர் அச்சம் உண்டு. ‘காக்கா முட்டை’யும் 2014ஆம் ஆண்டுக்கான சிறந்த சிறுவர் பட விருதைப் பகிர்ந்துகொண்ட படம்தான், ஆனால் அதில் வரும் சென்னைச் சிறுவர்கள் ஆசைப்படுவது பீட்சாவுக்கு. அது பிள்ளைகளுக்கே உரிய ஆசை, ஆதலால் அதைக் காட்டி எந்தப் பெரியவராலும் அறிவுரை சொல்ல முடியாது. பள்ளிக்கு ஏங்கும் சிறுவனின் கதையோ நம் கையில் பிரம்பாக மாறிவிடும். “பார்த்தீர்களா, அவனுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, ஒழுங்காகப் படியுங்கள்” என்று யாராவது ஒலிபெருக்கியைப் பிடித்தால், அன்றைய படம் அத்தோடு வீணாகிவிடும். கன்னடம் என்பது எனக்குத் தடையாகத் தோன்றவில்லை. நம் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கேட்டு வளர்பவர்கள்.

செந்துல் ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. இயக்குநரின் வயதைப் படம் முடியும்வரை சொல்லப் போவதில்லை. சொன்ன பிறகு, இயக்குநர் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை மாணவர்களே விவாதிக்கட்டும். நிறைவுரை எவருக்கும் இல்லை என்று நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடுகிறேன், சங்கத் தலைவர் வருத்தப்பட்டாலும் சரி. துணைவரிகளை விரைந்து படிக்க இயலாத பிள்ளைகளுக்காக, இரு ஆசிரியர்கள் முன்கூட்டியே படத்தைப் பார்த்து, முக்கிய உரையாடல்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். திரையிடல் உரிமைக்கு எழுத்துவழி அனுமதி கேட்டு இவ்வாரமே மடல் அனுப்புகிறேன். அது கிடைக்காவிட்டால் ‘காக்கா முட்டை’க்கு அனுமதி கேட்பேன்.